மூன்று வார மௌனம்

“மௌனம் சம்மதமல்ல, சவால்!” என்று தலைப்பை அடித்துவிட்டு, நிமலன் ஒரு தடவை வாசித்துப் பார்த்தான். அவனுக்கே புல்லரித்தது. பதுளை உதைபந்தாட்ட கிளப்பின் கோல் மன்னன் சதீஸ்குமார் இருபத்தொரு நாளாக வாய் திறக்கவில்லை என்பதை இதைவிட அழகாக எவன் எழுதுவான்?

நிமலன் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் சின்னக் கிளாக்கர். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களின் தபாலைப் பிரித்து, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பதிலிருந்து, செக்ரோலில் சம்பளக் கணக்கு எழுதுவது வரை எல்லாம் அவன் தலையில். பேஸ்புக்கில் ‘ஊவா கோல்’ பக்கம் நடத்துவது அவன் ஆசை. பெரிய கிளாக்கர் ஒரு மாத லீவில் போனதும் ஆசை வேலையை விழுங்கிவிட்டது. பெரட்டைக் கங்காணியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

சதீஸ்குமாரும் அதே தோட்டம்தான். போன வருஷம் பதினேழு கோல் அடித்தவன். இந்த வருஷ ஒப்பந்தத்தில் மற்றவர்கள் எல்லாரும் ஒப்பம் வைத்துவிட, இவன் மட்டும் பயிற்சிக்கும் போகாமல், போனையும் அணைத்துவிட்டு லயத்தோடு இருந்துவிட்டான்.

நிமலன் விடுவானா? முதல் வாரம் “சதீஸ் அதிருப்தியில்?” என்று போட்டான். இரண்டாம் வாரம் “கொழும்பிலிருந்து அழைப்பு?” கேள்விக்குறி ஒன்று வைத்தால் எதையும் எழுதலாம் என்பது அவன் கண்டுபிடித்த தொழில் ரகசியம். பண்டாரவளையிலிருந்து நடக்கும் பேஸ்புக் பக்கம் ஒன்று அதைத் திருடிப் போட, அதையே “நம்பகமான வட்டாரங்கள்” என்று இவன் மறுபடி எடுத்துப் போட்டான்.

ஆபீசிலிருந்து கீழ் டிவிசன் லயத்துக்கு இருபது நிமிஷ நடை. போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும், மூன்று வாரம் ஓடியிருக்காது.

மத்தியானம் கிளப் செயலாளர் முன்ஸிப் பதுளையிலிருந்து போன் எடுத்தார். பஜாரில் சப்பாத்துக் கடை வைத்திருக்கும் மனுஷன்; நிமலனுக்கு ‘நானா’, அண்ணன் மாதிரி. குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

“தம்பி, நாங்க ரெண்டு தரம் கடுதாசி போட்டாச்சு. ஒரு பதிலும் இல்ல. போனும் ஓஃப். இன்டைக்கு மூணு மணிக்குள்ள ‘வாறேன்’னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எடுத்துக்குவோம். இல்லாட்டி அவன்ட இடத்துக்கு வெலிமடைப் பொடியன்தான். எங்களுக்கும் மரியாதை இருக்குதானே?”

“நான் நேர்லயே போய்க் கேக்கிறேன் நானா” என்றான் நிமலன். ஆனால் முதலில் “இரண்டு கடிதங்கள்! பதில் இல்லை!” என்று பக்கத்தில் போட்டான். அதற்கு லைக் விழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம்தான் செருப்பை மாட்டினான்.

லயத்து வாசலுக்கு வந்தபோது மணி மூன்றாக இரண்டே நிமிஷம். போனில் லைவை ஆன் செய்தான். தொள்ளாயிரம் பேர் பார்க்கத் தொடங்கினார்கள்.

“நேயர்களே, மூன்று வார மௌனம் இதோ உடையப்போகிறது!”

சதீஸ்குமார் கவாத்து மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். கத்தியைச் சுவரில் சாய்த்து வைத்தான். இவ்வளவு பெரிய வீரன் தேயிலை வெட்டப் போவதா? கிளப்பை மிரட்டத்தான் இந்த வேஷம் என்று நிமலன் மனதுக்குள் அடுத்த தலைப்பை எழுதிக்கொண்டான்.

“வாங்க சார்” என்று சதீஸ்குமார் கையெடுத்துக் கும்பிட்டான். “நானே வந்து உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன்.”

“எனக்கா? எதுக்குப்பா?”

“கிளப்புல என்னையக் கழட்டி விட்டுட்டாங்க சார். டீம்ல மத்த எல்லாருக்கும் கடுதாசி வந்துச்சு, எனக்கு மட்டும் வரல. வெக்கத்துல போன ஆஃப் பண்ணிட்டேன். நீங்கதான் நான் வேணாம்னு சொன்ன மாதிரியே எழுதி என் மானத்தக் காப்பாத்துனீங்க. அந்தக் கதையக் கெடுக்கக் கூடாதுன்னுதான் நானும் வாயத் தொறக்கல.”

நிமலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னப்பா சொல்ற? ரெண்டு கடுதாசி போட்டிருக்காங்க! முன்ஸிப் நானாவே சொன்னாரு!”

சதீஸ்குமாரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். மூன்று வாரமாகச் செத்துக் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தது போல இருந்தது. “அப்ப என்னைய வேணாங்கலையா? சார், நான் வாறேன்னு சொல்லுங்க சார். இப்பவே சொல்லுங்க!”

நிமலன் போனைத் திருப்பிப் பார்த்தான். மணி மூன்று நான்கு. திரையில் முன்ஸிப்பின் கமெண்ட் விழுந்திருந்தது. “வெலிமடைப் பொடியன் ஒப்பம் வச்சாச்சு. இப்பதான் இதப் பாத்தேன். அல்லாஹ்வே!”

அவனுக்கு உண்மையாகவே அழுகை வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது. கேமராவைத் தன் பக்கம் திருப்பி, விரலை நீட்டிக்கொண்டு முழங்கினான்.

“பார்த்தீர்களா நேயர்களே! ஒரு தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு வந்த கடிதத்தை அமுக்கி வைத்தவன் எவன்? அவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், ‘ஊவா கோல்’ அவனை விடாது!”

அடுப்படியிலிருந்து சதீஸ்குமாரின் மனைவி தயானி எட்டிப் பார்த்தாள்.

“இவருக்கு மட்டுமில்லீங்க சார், மூணு வாரமா இந்த லயத்துல ஒருத்தருக்கும் கடுதாசி வரல.”