ரிப்பேருக்கு வந்த ஃப்ரிட்ஜ்

'டொம்.'

ஸ்டோர் ரூமுக்குள்ளிருந்து. அதற்குப் பின்னாலேயே 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல்.

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பாப்பாவை அப்போதுதான் தூங்க வைத்திருந்தேன். வீட்டுக்காரர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. பாம்பா, திருடனா, கேஸா? கான்வென்டில் சிஸ்டர்கள் மனப்பாடம் பண்ண வைத்த ஜெபமெல்லாம் ஒன்றுவிடாமல் வாயில் வந்தது. கால்தான் வரவில்லை.

பாப்பாவை வாரித் தோளில் போட்டுக்கொண்டு அண்ணனுக்குப் போன் அடித்தேன். ஸ்டோர் ரூமில் என்னவோ வெடித்துவிட்டது என்று மட்டும்தான் சொன்னேன். அடுத்த தெருதான் வீடு. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க வந்து நின்றார்.

அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். வருஷா வருஷம் குடியின் கேடு பற்றிப் பிள்ளைகளுக்குப் பேசுவார். கேட்டால் இருமல் மருந்தைக்கூடக் கொட்டிவிடத் தோன்றும். அப்பாவைக் குடி கொண்டுபோன வீடு எங்களுடையது. அதற்கப்புறம் எனக்கு அப்பாவும் அவர்தான். குடிக்காத மாப்பிள்ளையாகத் தேடித் தேடிக் கட்டிவைத்தவரும் அவர்தான்.

ஸ்டோர் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. மூலையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ். என் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஒருத்தர் ரிப்பேருக்குக் கொடுத்தது, திறக்காதே என்று சொல்லி வைத்திருந்தார். இப்போது அதன் கதவிடுக்கில் கறுப்பாக என்னவோ நுரைத்து வழிந்துகொண்டிருந்தது.

"திறக்காதே. மாப்பிள்ளை வரட்டும்" என்றார் அண்ணன்.

அதற்குள் நான் திறந்துவிட்டேன்.

பீர் பாட்டில்கள். கடையில் வாங்கியதாகத் தெரியவில்லை, ஒன்றிலும் லேபிள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அடியில் துணி சுற்றி, பச்சைப் பிள்ளைகளை நிற்க வைத்த மாதிரி வரிசையாக நிறுத்தியிருந்தது. நடுவில் ஒன்று சிதறிக் கிடந்தது. உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வேறு தொங்கியது. பாப்பாவுக்குக் காய்ச்சல் அடித்தபோதுகூட இந்த வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் டூல்ஸ் பையோடு உள்ளே வந்தார். ஃப்ரிட்ஜைப் பார்த்தார். கரண்ட் வந்து வந்து போனதில் சூடேறியிருக்கும் என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார்.

"யாரோடதுங்க இது?"

அவர் தரையைப் பார்த்தார். "என்னோடதுதான்."

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இப்படி ஒரு பொருளா? உங்களை நம்பித்தானே மாப்பிள்ளை தங்கச்சியைக் கொடுத்தேன்? நாளைக்கு அந்தக் குழந்தை முகத்தில் நாம் முழிக்க வேண்டாமா? வருஷா வருஷம் பேசுகிற பேச்சு, தங்குதடையில்லாமல் வந்தது. இவர் குனிந்து சிதறிய கண்ணாடியைப் பொறுக்க ஆரம்பித்தார். ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நம்பியிருப்பேன்.

பாப்பாவைக் கட்டிலில் கிடத்தினேன். அவள் துணி, பால் பாட்டில், எனக்கு மாற்றுத்துணி, எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்து வாசலில் கொண்டுவந்து வைத்தேன்.

"அண்ணா, நான் உங்ககூட வந்துடறேன். இனிமே இந்த வாசலை மிதிக்க மாட்டேன்."

அண்ணன் கொஞ்சம் தடுமாறினார். அப்புறம், "சரி, வா. இந்தக் கண்றாவியையெல்லாம் காலையில நானே எடுத்துட்டுப் போய்க் கொட்டிடறேன்" என்றார்.

"காலை வரைக்கும் எதுக்கு வெச்சுப் பார்க்கணும்?"

ஒரு பாட்டிலைக் கழுத்தைப் பிடித்து உருவினேன். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தொட்டியைப் பார்த்து நடந்தேன்.

"ஐயோ, ஆட்டாதேடி. அடியில படிஞ்ச மண்டியெல்லாம் கலங்கிடும்."

சொன்னது என் வீட்டுக்காரர் இல்லை.

திரும்பினேன். குழந்தையை வாங்கப்போகிறவர் மாதிரி, அண்ணனின் இரண்டு கையும் என் பக்கம் நீண்டிருந்தன. அவருக்கே அது அப்புறம்தான் தெரிந்தது. மெதுவாகக் கையை இறக்கினார்.

என் வீட்டுக்காரரைக் குடைந்து குடைந்து கேட்டுத்தான் மிச்சம் வெளியே வந்தது. அண்ணன் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே, அடுப்பு மாதிரி கொதிக்கும். அவர் தன் கையாலேயே ஊற வைத்த இந்தக் கறுப்பு பீரை அசையாமல், குளிர்ச்சியாக, இருட்டில் வருஷக்கணக்கில் வைத்தால்தான் ருசி ஏறுமாம். அதற்காக நிலவறைக்கு எங்கே போவது? பழைய ஃப்ரிட்ஜை அளவான குளிருக்குத் திருப்பி வைத்துக் கொடுத்திருக்கிறார் இவர். தங்கச்சிக்குத் தெரிந்தால் செத்தேன் என்று அண்ணன் கெஞ்சினாராம். இவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை.

"நான் பை கட்டினப்போகூட ஏங்க சொல்லலை?"

அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நான் கெட்டவன்னா ரெண்டு மாசம் கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்ல இருப்பே. அவர் கெட்டவர்னா நீ எங்கே போவே?"

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பாட்டிலை நிமிர்த்தி அண்ணன் கையில் கொடுத்தேன். வாசல் வரைக்கும் கூடவே போனேன்.

"மிச்சம்..." என்று இழுத்தார்.

"காலையில சாப்பிட வாங்கண்ணா. அப்போ பேசிக்கலாம்."

அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துவிட்டு, பையைக் காலால் உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன்.