அக்கரைப் பயிற்சி

‘குசகபே, வெளியே போ!’ என்று படுதாவில் கொட்டை எழுத்தில் எழுதி, மைதானத்துக் கம்பியில் கட்டியவர் உள்ளூர் அணியின் தீவிர ரசிகர் தோகாஷிதான். நாலு ஆட்டத்துக்குக் கட்டினார். உள்ளூர் அணி பயந்துபோய்ப் பயிற்சியாளர் குசகபேயை அனுப்பிவிட்டு, மிசோகுச்சி என்பவரைக் கொண்டுவந்தது.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் எதிரி அணி குசகபேயைக் கொத்திக்கொண்டு போயிற்று. அதற்கப்புறம் அவர்கள் தொடர்ந்து ஐந்து ஆட்டம் ஜெயித்தார்கள். இக்கரை ஐந்திலும் தோற்றது.

தோகாஷிக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் தொப்பியும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு, ஆற்றைத் தாண்டி அக்கரைக்காரர்களின் பயிற்சியைத் திருட்டுத்தனமாகப் பார்க்கப் போனார். குசகபே எதிரிப் பையன்களின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நம்ம பையன்களிடம் ஒருநாளாவது இப்படிச் சிரித்தானா?

பக்கத்தில் இன்னொரு முகக்கவசக்காரர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே பெருமூச்சு விட்டார்.

“என்னமா சொல்லிக் குடுக்கறாரு! பாத்தா வயிறு எரியுது.”

“எனக்கும்தாங்க.”

“இவரைப் போயி வெளிய போன்னு படுதா கட்டினானாம் ஒரு கிறுக்கன். அவன் மட்டும் என் கையில கெடைச்சான்...”

தோகாஷி சட்டென்று பேச்சை மாற்றினார். “அவனை விடுங்க. இவருக்குப் பதிலா ஒரு மண்ணாந்தையைப் புடிச்சுப் போட்டிருக்காங்க பாருங்க, மிசோகுச்சின்னு. அவனுக்குப் பந்து உருண்டையா சதுரமான்னே தெரியாது!”

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. அந்த ஆள் முகக்கவசத்தை மெல்லக் கீழே இறக்கினார்.

மிசோகுச்சி!

“பெரியவருக்கு எந்த ஊரு?”

தோகாஷி தன் முகக்கவசத்தைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

“இந்தக் கரைதாங்க. பொறந்ததுலேருந்து நான் இந்த டீம்தான்!”