பெருநாள் வட்டிலப்பம்

"ஆர் குடுத்தது? இப்பவே சொல்லோணும்!"

சுபோதினி போட்ட சத்தம் அந்த வெள்ளவத்தை பிளாட்டின் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். குளித்துவிட்டு வந்தவள் கண்டது, பாயில் கிடந்த ஐந்து வயது மயூரியின் வாயெல்லாம் கருப்பட்டிப் பாகு.

நாலு மருந்துக்கும் அடங்காத வலிப்பு, கடைசியில் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டுக்குத்தான் அடங்கியிருந்தது. சோறு, சீனி கிட்டவும் வரக்கூடாது. நெய்யும் முட்டையும்கூடத் தராசில் நிறுத்துத்தான் ஊட்டுவாள். எட்டு மாதமாக ஒரு வலிப்பு இல்லை. இனிப்பு உள்ளே போனால் திரும்பவும் வரலாம் என்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

போனில் அவர் பதறவில்லை. "அவசர மருந்தைப் பக்கத்தில வைச்சிருங்கோ. எவ்வளவு குடுத்தவை எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

அவள் போனைக் கையில் பிடித்தபடியே புருசனிடம் திரும்பினாள். "ஏனப்பா, நீங்களோ?"

"எனக்கென்ன விசரே?" என்றான் உமாசுதன். "பிள்ளையைப் பாயில கிடத்திப்போட்டு மொட்டை மாடிக்கு உடுப்பெடுக்கப் போனனான். பத்து நிமிசம்தான்."

சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு ஹப்ஸாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பெருநாளென்று காலையில் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் கொண்டுவந்தவள் அவள்தான். "அல்லாஹ் மேல சத்தியம், சுபோ! ஒங்கட கையிலதானே தந்த. புள்ளக்கி இது ஆகாதுன்டு எனக்குத் தெரியாதா?"

"அப்ப என்ன, வட்டிலப்பம் கால் முளைச்சு வந்து வாயில ஏறினதோ? நான் கண்டுபிடிக்காமல் விடமாட்டன்!"

பிள்ளையைப் புருசனின் பொறுப்பில் விட்டுவிட்டு விறுவிறென்று குசினிக்குப் போனாள். மேசையில் வட்டிலப்பம் அப்படியே இருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தோண்டியிருந்தது.

"ரெண்டு விரலாலை கிள்ளின அளவுதான், டொக்டர்," என்றாள் போனில்.

"அப்பாடா! அவ்வளவுக்குப் பெரும்பாலும் ஒண்டும் வராது. ரெண்டு மணித்தியாலம் கவனமாப் பாருங்கோ. அதுசரி, ஆர் குடுத்தது?"

சுபோதினி குனிந்து பார்த்தாள். குசினிச் சுவரில், அவளுடைய இடுப்பளவு உயரத்தில், பிசுபிசுவென்று சின்னச் சின்ன விரல் அடையாளங்கள். கதவைத் தாண்டி, ஹோலில் பாய் விரித்திருந்த இடம் வரைக்கும் அவை வரிசையாகப் போயிருந்தன.

"ஒருத்தரும் குடுக்கேல்லை, டொக்டர்," என்று குழறி அழுதாள். "வலிப்பு வந்து ஐசியூவில நாப்பது நாள் மயக்கத்தில கிடந்து வந்த பிறகு ஒரு எட்டுக்கூட வைக்காத பிள்ளை... தானே எழும்பி நடந்துபோய் எடுத்துத் திண்டிருக்கிறாள்!"