டேங்க் மூடி

பயிற்சி விமானத்தில் பெட்ரோல் முள்ளை நம்பக் கூடாது. டேங்கில் குச்சி விட்டுத்தான் அளக்க வேண்டும். மெக்கானிக் லோகு அன்று முள்ளை நம்பிவிட்டார். முந்தின நாள் பெட்ரோலே ஊற்றவில்லை என்பது, பயிற்சி மாணவி ஜான்சி அதில் தனியாகக் கிளம்பிப் போன பிறகுதான் உறைத்தது. ரேடியோவில் கூப்பிட்டும் பதில் இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்து அவள் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

"படப்பை வரைக்கும் சுத்திட்டு வந்தேன் அண்ணா. சூப்பர்!"

லோகு டேங்க் மூடியைத் திருகினார். அசையவில்லை. அப்படி இறுக்குகிறவன் அவருடைய கூட்டாளி பிரசன்னா ஒருவன்தான். சுனாமிக்கு முந்தின வருஷமே அவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

இரண்டு கையாலும் மல்லுக்கட்டித் திறந்தார். குச்சி கழுத்து வரை நனைந்து வந்தது.

"இம்மாம் டைட்டா மூடுனா எப்டி தொறக்கறது மச்சான்?" என்று வழக்கம்போலத் திட்டினார்.