ஐந்தேகால் மணிக்குத் திறக்கும் பாலம்

ஃப்ளோரிடாவின் கரையோரப் படகுக் கால்வாயில் மாலை ஐந்து மணி வெயில் வெண்கலமாய்க் கிடக்கிறது. தூக்குபாலத்தின் கண்ணாடி அறையில், அதை இயக்கும் டெல்ஃபின் கோடைக்கான நேரப் பட்டியலை மடியில் வைத்திருக்கிறாள். உல்லாசப் படகுக்காரர்கள் கேட்டபடி, மணிக்கு ஒரு முறை திறப்பு, கையெழுத்துதான் பாக்கி. கீழே ஏழு பாய்மரப் படகுகள் காத்திருக்கின்றன. முதல் படகு நீளமாக ஒரு முறை, சிறிதாக ஒரு முறை ஊதித் திறக்கச் சொல்கிறது. அவள் கை விசைக்குப் போகும்போது, சாலை வளைவில் மருத்துவமனை வேன் தெரிகிறது. ஐந்து குறுகிய ஊதல்களால் மறுத்துவிட்டு வயர்லெஸ்ஸை எடுக்கிறாள்.

“வேன் தாண்டட்டும், கேப்டன்.”

“பாலத்துக்கு மூட்டுவலியா, மிஸ் டெல்ஃபின்? இங்க தண்ணி இழுக்குது.”

“டயாலிசிஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்க. செவ்வாய், வியாழன், சனி, இதே நேரந்தான்.”

முதல் படகு மெல்ல மூக்கைத் திருப்பி, நீரோட்டத்தை எதிர்த்து நிற்கிறது. மற்றவையும் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன.

“அப்போ பட்டியல்ல அஞ்சேகால்னு போடுங்க. நாங்க சும்மா சுத்தப் போறவங்கதானே? பியர் ஐஸ்லதான் இருக்கு.”

வேன் இரும்புத் தளத்தில் முனகியபடி கடக்கிறது. ஜன்னலில் பஞ்சு ஒட்டிய ஒரு கை படகுகளை நோக்கி மெல்ல உயர்கிறது. டெல்ஃபின் பட்டியலில் ஐந்து மணி என்பதை அடித்துவிட்டு, ஐந்தேகால் என்று எழுதிக் கையெழுத்திடுகிறாள். ஆண்டவருக்கு ஒரு நன்றியை முணுமுணுத்துவிட்டு, படகுகளுக்குப் பதிலாக நீளமாக ஒரு முறை, சிறிதாக ஒரு முறை ஊதுகிறாள். பாலம் எழுகிறது.