பெரியவர்களுக்கு மட்டும்

லாஸ் வேகாஸில் குழந்தைகளை உள்ளே விடாத விடுதி ஒன்று இருப்பதை சுகந்திதான் தேடிக் கண்டுபிடித்தாள். அங்கே லிஃப்டில் எல்லாப் பொத்தான்களையும் அமுக்கிவிட்டு ஓட யாரும் இருக்க மாட்டார்கள். "இதையே போட்டுடுங்க" என்றாள். அவள் கணவன் முகிலன் மறுபேச்சில்லாமல் அறையைப் பதிவு செய்தான். சுற்றிப் பார்க்க, பக்கத்தில் இருக்கும் சிவப்புப் பாறைப் பூங்கா வேண்டாம் என்று முடிவாயிற்று. விடுமுறையில் அங்கே குடும்பம் குடும்பமாக வருவார்கள். டெத் வேலி என்னும் மரணப் பள்ளத்தாக்குப் பாலைவனத்துக்குப் போனால் ஈ காக்கை இருக்காது. அந்தப் பெயரை மட்டும் இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 'அந்த உப்புத் தரை' என்றே பேசிக்கொண்டார்கள். மகன் தவறிய பிறகு அவள் இவ்வளவு பேசி முகிலன் கேட்டதில்லை.

"வழியில கடையே கிடையாதாம்" என்று விரல் மடக்கத் தொடங்கினாள். "நமக்குப் புளிசாதம் கிளறிடறேன். உருளைக்கிழங்கு வறுவல். தயிர்சாதம் தனித்தனியா. ஒண்ணுல மோர்மிளகா, இன்னொண்ணு மிளகாயே போடாம, நல்லாக் குழைச்சு..."

மடக்கிய விரல் அப்படியே நின்றது.

முகிலன் எழுந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அவள் கைக்கு எட்டாதபடி தானே மேல்தட்டில் ஒளித்து வைத்திருந்த சிவப்பு மூடி டப்பாவை எடுத்தான். தூசி போகக் கழுவி, துடைத்து, அவள் முன்னால் வைத்தான்.

"பால் கொஞ்சம் கூடவே ஊத்திக்கோ" என்றான். "வெயில்ல புளிச்சுட்டா அவன் வாயிலயே வைக்க மாட்டான்."