சோதனைக் குழாயில் முடி

மூடி போடுவதற்கு முன் எந்தச் சோதனைக் குழாயையும் குனிந்து ஒருமுறை பார்க்காமல் விடமாட்டார் பேராசிரியை. கையுறை, முகமூடி, தலையுறை சகிதம் மேசை மேசையாக அவர் சுற்றிவரும்போது மாணவர்கள் மூச்சைக்கூட அளந்துதான் விடுவார்கள். அப்படிப்பட்டவருடைய ஆய்வகத்தில்தான் அந்த அசிங்கம் நடந்திருந்தது.

மரபணு வெளிப்பாட்டை நடத்திவைக்கும் புரதங்களைத் தேடிய ஆய்வு அது. உயிரணுவிலிருந்து எடுத்த புரதங்களை அவை செய்யும் வேலைவாரியாகப் பிரித்து, எந்தக் கூட்டம் எதிர்பார்த்ததைவிட மிகுந்திருக்கிறது என்று கணினி சொல்லவேண்டும். மரபணுவைப் படிக்கும் கூட்டம் முதலில் நிற்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். திரையில் முதலில் வந்து நின்றதோ முடியை உண்டாக்கும் கூட்டம். யாரிடமிருந்தோ உதிர்ந்த முடியோ தோலோ குழாயில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

“த்தூ! ரெண்டாவது தடவையும் இதேதானா?” என்று முகத்தைச் சுளித்தார் பேராசிரியை.

தாடி என்று எல்லோரும் அழைக்கும் ஆராய்ச்சி மாணவன் தலைகுனிந்து நின்றான். முதல் தடவை பழி விழுந்ததுமே, ஆசையாய் வளர்த்ததை மழித்துவிட்டிருந்தான். பட்டப்பெயர் மட்டும்தான் மிச்சம்.

“சத்தியமா நான் இல்ல மேடம். அதான் தாடியே போயிடுச்சே!”

“தாடி போனா பொடுகும் போயிடுமா? உன் தோளைப் பாரு, உப்பு தூவின மாதிரி! குமட்டிக்கிட்டு வருது எனக்கு.” அவன்மேல் பட்டுவிடுமோ என்று, வெள்ளை அங்கிக்கு மேல் போர்த்தியிருந்த கம்பளிச் சால்வையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“பக்கத்து ரூம்ல எலி வளர்க்கிறாங்களே மேடம்… எலி முடியா இருக்கலாம்ல?”

“வாயில்லாத எலி மேல பழியா? நல்லா இருக்குடா உன் நியாயம்! சாயங்காலம் ஆராய்ச்சிக் குழு கூடுது. உன்னை வெளியே அனுப்பச் சொல்லத்தான் போறேன்.”

கணினி முன்னால் இருந்த பெண் மெல்லத் திரும்பினாள். “மேடம், இதுவரைக்கும் மனுஷப் புரதத்தோட மட்டும்தான் ஒப்பிட்டுப் பார்த்தோம்.”

“அப்ப எலி, பூனை, ஆடு, மாடு எல்லாத்தோடயும் ஒப்பிட்டுப் பாரும்மா. இவன் வாயை அடைச்சுட்டே அனுப்புறேன்.”

தாடி தன் அறைக்குப் போய்ப் புத்தகங்களைப் பையில் திணித்தான். கைக்கெட்டிய பட்டம் பொடுகோடு போயிற்று என்று அம்மாவிடம் எந்த முகத்தோடு சொல்வது? மழமழவென்றிருந்த கன்னத்தைத் தடவினான்; தன் தோலைத் தொடுவதே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

மாலையில் கதவு திறந்தது. பேராசிரியை சால்வை இல்லாத தோளோடு, குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, அவன் பையிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப மேசைமேல் அடுக்கினார்.

“மன்னிச்சுடுப்பா. தப்பு என்னோடதுன்னு குழுகிட்ட சொல்லிட்டுத்தான் வர்றேன். கெட்டுப்போன புரத மாதிரியை நானே உட்கார்ந்து மறுபடி தயார் பண்ணித் தர்றேன். நீ தாடியை வளர்த்துக்கோ.”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அப்ப… எலியா மேடம்?”

“செம்மறியாடு.”